90 நாள் முடிவதற்குள் வங்கிக்குப் போங்கள்

(திரையில்: திருப்பூர். பவர் டேபிள் கூடம். ஆறு தையல் இயந்திரங்களில் நான்கு உறை போட்டு மூடியிருக்கின்றன.)

வணக்கம். இந்தக் கூடத்துக்காரர் தைத்து அனுப்பிய சரக்குக்குப் பணம் வரவில்லை. ஆனாலும் சனிக்கிழமை கூலி கொடுத்தாக வேண்டும். கையில் இருந்ததைக் கொடுத்துவிட்டார். வங்கிக் கடனுக்குத் தவணை கட்ட மிச்சமில்லை. வங்கியிலிருந்து அழைப்பு வந்தால் கைப்பேசியைக் கவிழ்த்து வைக்கிறார். தயவுசெய்து அந்த அழைப்பை எடுங்கள்.

தவணை தவறிய நாளிலிருந்தே வங்கி எண்ணத் தொடங்குகிறது. 90 நாள் தாண்டினால் கணக்கு வாராக்கடன். பிறகு நோட்டீஸ், ஜப்தி என்று பேச்சே மாறிவிடும்.

அந்த நிலை வருவதற்கு முன்பே கைகொடுக்க 2015இல் மத்திய அரசு ஓர் ஏற்பாட்டை அறிவித்தது. 2016இல் ரிசர்வ் வங்கி அதற்கான நெறிமுறையை வங்கிகளுக்கு அனுப்பியது. 25 கோடி ரூபாய் வரை கடன் உள்ள குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கு இது பொருந்தும். 10 லட்சத்துக்குள் என்றால் கிளை மேலாளரே முடிவெடுப்பார். அதற்கு மேல் போனால் ஒரு குழு; மாநில அரசின் பிரதிநிதியும் வெளி நிபுணரும் அதில் உண்டு. தவணைக் காலத்தை நீட்டிக் கடனைச் சீரமைக்கலாம். தொழில் தேறாது என்று கண்டால் குழு வசூலுக்கும் போகும். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

வங்கி கூப்பிடட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. கடனைக் கட்ட முடியாமல் போகும் என்று தெரிந்தாலே நீங்களாகவே வங்கியில் விண்ணப்பம் எழுதிக் கொடுக்கலாம். இது பலருக்குத் தெரியாமல் போவதுதான் என் மனவருத்தம்.

(திரையில்: உத்யம் பதிவுச் சான்றிதழ்)

உங்களுடையது குறு, சிறு, நடுத்தரத் தொழில் என்பதற்கான சான்று இந்தத் தாள். இது வங்கிக் கோப்பில் இருக்கிறதா என்று இன்றே கேளுங்கள். வங்கிகள் இந்த நெறிமுறையைப் பின்பற்றியே ஆக வேண்டும் என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தான் சிறுதொழில் என்பதற்கான சான்றை உரிய நேரத்தில் காட்டுவது கடன் வாங்கியவர் பொறுப்பு என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. ஜப்தி முடிந்த பிறகு சான்றிதழை நீட்டிப் பயனில்லை.

குறு, சிறு தொழில்களுக்கு, சரக்கு வாங்கியவர் தர வேண்டிய பணத்துக்கும் சட்டம் இருக்கிறது. ஒப்பந்தம் போட்டிருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் ‘வங்கி விகிதம்’ என்ற வட்டியைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. இதற்கான மத்திய அரசின் இணையத்தளத்தில் புகார் பதியலாம். அடுத்த ஆர்டர் போய்விடுமே என்ற பயம் நியாயமானது. அப்படியானால் அந்த நிலுவை பில்களையாவது வங்கிக்கு எடுத்துப் போய்க் காட்டுங்கள்.

விண்ணப்பத்தின் நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் வங்கியை விட்டுக் கிளம்பாதீர்கள்.