பிரசங்க பீடமும் கறுப்பினப் பெண்களும்

மதிப்பிற்குரிய சேகரகுரு ஐயரவர்களே, என்னைத் தகுதிக்கு மீறிப் புகழ்ந்து வரவேற்ற செயலர் அவர்களே, இவ்வளவு நேரம் பந்தி பரிமாறிவிட்டு இப்போதுதான் வந்தமர்ந்திருக்கும் பெண்கள் ஐக்கிய சங்கத்துத் தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம். அமெரிக்கக் கறுப்பினப் பெண்களின் தலைமையைத் திருச்சபை, சமுதாயம், இன்றைய நம் கடமை என்னும் மூன்று தலைப்புகளில் பேச ஒப்புக்கொண்டேன். மூன்றுக்கும் ஒரு பழமொழி போதும்: முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது.

1783இல் நியூ ஜெர்சியில் பிறந்த கறுப்பினப் பெண் ஜரீனா லீ, பிரசங்கிக்கத் தமக்கு அழைப்பு உண்டென்று பிலடெல்பியாவில் ரிச்சர்ட் ஆலன் என்னும் போதகரிடம் சொன்னார். வெள்ளையரின் ஆலயத்தில் அவமதிக்கப்பட்டுத் தம் மக்களுக்கென்று தனிச் சபை கண்ட அந்தப் பெரியவரே, பெண்கள் பிரசங்கிக்க மெதடிஸ்ட் ஒழுங்கில் இடமில்லை என்று கைவிரித்துவிட்டார். ஆண்டுகள் கடந்தன. ஆலன் அதற்குள் பேராயராகிவிட்டார். ஒருநாள் அவருடைய பெத்தேல் ஆலயத்தில் யோனாவின் புத்தகத்திலிருந்து பிரசங்கித்துக்கொண்டிருந்த போதகர் நடுவிலே தடுமாறி நின்றார். சபையார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்க, லீ தம் இருக்கையிலிருந்து எழுந்து, அதே வசனத்தை எடுத்து, கடமைக்குத் தப்பி ஓடிய யோனா நானே என்று முழங்கினார். ஆலயத்தைவிட்டே தள்ளிவிடுவார்கள் என்று நடுங்கியபடி அமர்ந்தார். ஆனால் எழுந்த ஆலனோ, முன்பு இவரைத் தட்டிக்கழித்தவன் நான்தான், இவருடைய அழைப்பு மெய்யானது என்று சபையறியச் சொன்னார். (இந்த இடத்தில் தாய்மார்கள் கைதட்டலாம், ஐயரவர்கள் தடுக்க மாட்டார்கள்.) பின்னர் ஒரே ஆண்டில் 2,325 மைல் பயணித்து 178 பிரசங்கங்கள் செய்த அவருக்குக் குருப்பட்டம் மட்டும் கடைசிவரை கிடைக்கவில்லை. அந்தச் சபையில் வாஷ்டி மெக்கென்சி என்னும் முதல் பெண் பேராயர் வந்தது 2000இல்தான். பூசணிக்காயை எவ்வளவு காலம் மறைத்திருக்கிறார்கள், பாருங்கள்!

சமுதாயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1955இல் அலபாமா மாநிலத்து மான்ட்கோமரியில், பேருந்தில் வெள்ளையருக்கு இருக்கையை விட்டுத்தர மறுத்த ரோசா பார்க்ஸ் கைதான இரவில், கல்லூரி ஆசிரியை ஜோ ஆன் ராபின்சன் விடியவிடியத் துண்டறிக்கைகள் அச்சிட்டுப் பேருந்துப் புறக்கணிப்புக்கு ஊரைத் திரட்டினார். மார்ட்டின் லூதர் கிங் அந்தப் போராட்டத்தின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டது அதற்குப் பிறகுதான். கறுப்பினத்தவரின் உரிமைக்காக நடந்த 1963 வாஷிங்டன் பேரணியிலோ பெண்களைப் பாட அழைத்தார்கள். முதன்மை உரையாற்ற ஒரு பெண்ணையும் அழைக்கவில்லை.

மூன்றாம் தலைப்புக்கு நேரமில்லை. அதற்குரியது ஒரே கோரிக்கை. பொன்னாடை வேண்டாம், பீடம் வேண்டும். பெண்கள் ஞாயிறு அன்று மட்டுமல்லாமல், மாதம் ஒரு ஞாயிறு ஒரு பெண்ணே பிரசங்கிக்க வேண்டுமென்று சேகரக் கமிட்டி தீர்மானம் நிறைவேற்றிக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். ஐயரவர்கள் புன்னகைக்கிறார்கள், அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு அமர்கிறேன். நன்றி.