குழலை விடச் சின்ன குண்டு: வேணும்னே ஏன் இப்படிச் செஞ்சாங்க?

[திரையில்: பிரவுன் பெஸ் மஸ்கெட், குழல் வாய் நெருக்கத்தில்]

இது பிரவுன் பெஸ், பிரிட்டிஷ் படையோட பழைய மஸ்கெட், அதாவது நீளக் குழல் துப்பாக்கி. இதோட குழல் உள்விட்டம் 19 மில்லிமீட்டர். உள்ளே போற ஈயக் குண்டு 17.5 தான். போட்டா கடகடன்னு ஆடும். பிரிட்டிஷ் படை நூறு வருஷத்துக்கு மேல இதை வச்சுத்தான் சண்டை போட்டுச்சு. அளவெடுக்கத் தெரியலையா? நல்லாவே தெரியும். தெரிஞ்சேதான் செஞ்சாங்க.

பின்னணியை வேகமா முடிச்சிடுவோம். முதல்ல கங்கு பிடிச்ச திரியை வச்சுச் சுடுற துப்பாக்கி. மழை வந்தா திரி காலி. 17ஆம் நூற்றாண்டுல சிக்கிமுக்கிக் கல் வந்துச்சு. விசையை இழுத்தா கல் எஃகுத் தகட்டுல உரசும், பொறி பக்கத்துக் கிண்ணத்து வெடிமருந்துல விழும், அந்தத் தீ ஒரு பொடித் துளை வழியா குழலுக்குள்ள போகும். துளையில கரி அடைச்சிருந்தா கிண்ணத்துல மட்டும் குப்புனு பத்தும், குண்டு நகராது. அதைக் குத்தி எடுக்கவே சிப்பாய்கிட்ட ஒரு சின்னக் கம்பியும் பிரஷ்ஷும் தொங்கும்.

இப்ப விஷயத்துக்கு வருவோம். கறுப்பு வெடிமருந்து எரிஞ்சா, பாதிக்கு மேல திடக் கசடாத்தான் மாறும். கொஞ்சம் புகையா போகும், மிச்சம் குழல் சுவர்ல அப்பிக்கும். சுடச் சுட வழி குறுகிட்டே வரும். குண்டை குழல் வாய் வழியாத்தான் உள்ளே இறக்கணும்; அது இறுக்கமா இருந்தா பாதியிலேயே சிக்கிக்கும். எதிர்ல குதிரைப்படை, நீங்க நீளக் கம்பியை வச்சு குண்டை இடிச்சிட்டு நிக்கிறீங்க! அவசரத்துல அப்படியே சுட்டா இன்னும் மோசம்: மருந்துக்கும் குண்டுக்கும் நடுவுல இடைவெளி இருந்தா குழலே வெடிக்கலாம்.

அதனால சின்ன குண்டு. தேர்ந்த சிப்பாய் நிமிஷத்துக்கு 3 தடவை சுடுவான். ஆனா குண்டு கேரம் காய் மாதிரி சுவர்ல மோதி மோதி வெளிய வரும். கடைசியா எந்தப் பக்கம் மோதுச்சோ, அதுதான் திசையைத் தீர்மானிக்கும். வரிசையா நின்னு எல்லாரும் ஒரே நேரத்துல சுட்டது வீர அழகுக்காக இல்லைங்க, தனியா குறி வச்சுப் பிரயோஜனமில்லை!

அப்ப ரைபிள்? குழலுக்குள்ள சுருள் சுருளா காடி வெட்டியிருக்கும். குண்டு காடியைக் கவ்விச் சுழன்றாத்தான் நேராப் போகும். கவ்வணும்னா இறுக்கமா இருக்கணும். அதனால 1800ல வந்த பேக்கர் ரைபிளோட ஆரம்பத்துல குண்டை அடிச்சு இறக்க மரச் சுத்தியலும் கொடுத்தாங்க. ஆமா, சுத்தியல். போர்க்களத்துல.

[திரையில்: மினியே குண்டின் குறுக்குவெட்டு]

இந்த முடிச்சை அவிழ்த்தது பிரெஞ்சு அதிகாரி மினியே, 1849ல. என்னைக் கேட்டா துப்பாக்கி வரலாற்றுலயே அழகான தந்திரம் இதுதான். கூம்பு வடிவக் குண்டு, குழலை விடச் சின்னது, சும்மா வழுக்கிட்டு இறங்கும். அடியில ஒரு குழி, அதுல இரும்புக் கிண்ணம். மருந்து வெடிச்சதும் கிண்ணம் முன்னால தள்ளும், ஈயத்தோட அடிப்பாகம் விரியும், காடியைக் கவ்வும். போடும்போது சின்னது, சுடும்போது பெருசு! அப்புறம் அமெரிக்காவுல பர்ட்டன்னு ஒருத்தர் அந்தக் கிண்ணமே வேண்டாம், வாயு அழுத்தமே விரிக்கும்னு காட்டினார். 1853 என்ஃபீல்டு ரைபிளும் இந்த வம்சம்தான்: குழல் விட்டம் 0.577 அங்குலம், 3 காடி. அதோட கொழுப்புத் தடவின தோட்டாதான் 1857ல இந்தியச் சிப்பாய்களைக் கொதிக்க வச்சது. அது தனி வீடியோ, வேணும்னா கமெண்ட்ல கேளுங்க.

கடைசியா, எல்லாரும் குழப்பிக்கிற எண்கள். காலிபர்னா நேரா விட்டம். கேஜ் வேற: குழலுக்குச் சரியாப் பொருந்துற ஈயக் குண்டு, 1 பவுண்டு எடைக்கு எத்தனை? 12ன்னா 12 கேஜ், 18.5 மில்லிமீட்டர். 20 கேஜ் 15.6 தான். எண் ஏற ஏறக் குழல் சிறுத்துடும். பிரவுன் பெஸ் கிட்டத்தட்ட 11.

இதுல "நாலு பத்து" (.410) ஷாட்கன் மட்டும் ஏமாத்துப் பேர்வழி. அது கேஜ் இல்ல, 0.410 அங்குல விட்டம். நிஜமாவே 410 கேஜ் துப்பாக்கி செஞ்சா குழல் 6 மில்லிமீட்டர் கூட வராது. "410 கேஜ்"னு அடிச்சுச் சொல்ற நண்பர் இருந்தா, இந்த வீடியோவை இப்பவே அவருக்கு அனுப்பிடுங்க.