தீர விசாரிக்க ஓர் இடம் வேண்டும்

(மாவட்ட மைய நூலகத்தின் நூலக வார விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, இம்மேடையில் எனக்கு இடம் தந்த மாவட்ட நூலக அலுவலர் அவர்களே, நீதிமன்ற அலுவல்களுக்கிடையே வந்து முன்வரிசையை நிறைத்திருக்கும் வழக்கறிஞர் பெருமக்களே, வாசகர் வட்டத்தாரே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம். தலைவர் அவர்கள் என்னைப் பற்றிச் சொன்னவற்றில் பாதியை அவருடைய அன்பின் கணக்கில் எழுதிவிடுங்கள்.

ஒரு மாநிலச் சட்டத்தின் வரலாற்றைத் தேடுவோர்க்கு மூன்று செய்திகள் சொல்ல வந்தேன். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது முதற்செய்தி.

அண்மையில் ஒரு பேச்சுப் போட்டிக்கு நடுவராகச் சென்றிருந்தேன். தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்த ஆண்டு 1929 என்று ஒரு மாணவன் முழங்கினான். அடுத்து வந்த மாணவி 1930 என்றாள். மூன்றாமவன் 1947 என்று அடித்துச் சொன்னான். மேடையிலிருந்து இறங்கியதும் மூவருக்கும் வாக்குவாதம் மூண்டது. ஒருவன் கைப்பேசியை நீட்டுகிறான். அந்தப் பெண் ஏதோ ஒரு விழா மலரைப் புரட்டுகிறாள். தலைமையாசிரியர் என் முகத்தைப் பார்க்கிறார். நானோ தேநீர்க் குவளையைப் பார்க்கிறேன். வேடிக்கை என்னவென்றால், மூன்று ஆண்டுகளுமே மெய்யானவை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் எடுத்த முயற்சியால், 1929இல் அறநிலையச் சட்டம் திருத்தப்பட்டு, கோயில் ஊழியத்துக்காகத் தேவதாசிகளுக்கு மானியமாக விடப்பட்டிருந்த இனாம் நிலங்கள் அந்த ஊழியக் கட்டிலிருந்து விடுபட்டன. பொட்டுக் கட்டுவதையே, அதாவது பெண்களைக் கோயிலுக்குத் தேவதாசிகளாக நேர்ந்துவிடுவதையே, தடுக்கும் சட்டமுன்வடிவை அவர் கொண்டுவந்தது 1930இல். அவ்வாண்டிலேயே, காந்தியடிகள் கைதானதைக் கண்டித்துத் தம் பதவியைத் துறந்தார். தடைச் சட்டம் நிறைவேறியதோ 1947இல், ஓமந்தூரார் ஆட்சியில்.

முதற்பரிசை யாருக்குக் கொடுத்தேன் என்று கேட்காதீர்கள்.

இந்தப் பிணக்கைத் தீர்க்கக்கூடியவை அரசிதழும் அவை நடவடிக்கைக் குறிப்புகளும்தாம். சட்டத்தின் எண்ணையும் ஆண்டையும் குறித்துக்கொண்டு பின்னோக்கிச் செல்லுங்கள். அரசிதழில் முன்வடிவும், அச்சட்டம் ஏன் தேவை என்று சொல்லும் நோக்கக் காரண விளக்கவுரையும் கிடைக்கும். அங்கிருந்து அவை விவாதத்துக்கும், முன்வடிவை ஆராயும் உறுப்பினர் குழுவாகிய தெரிவுக்குழுவுக்கு அனுப்பப்பட்டிருந்தால் அதன் அறிக்கைக்கும் போகலாம். தீர விசாரிப்பது என்றால் இதுதான்.

இரண்டாவது செய்தி, நம் மாநிலத்தின் பெயர் 1969இல் மாறியதால், அதற்கு முந்தைய பட்டியல்களில் 'தமிழ்நாடு' என்று தேடாமல் 'சென்னை' அல்லது 'மதராஸ்' என்று தேட வேண்டும் என்பது. 1937 முதல் 1986 வரை நமக்கு இரண்டு அவைகள் இருந்தமையால், பேரவைக் குறிப்புகளோடு மேலவைக் குறிப்புகளையும் பார்க்க வேண்டும். மூன்றாவது, நீதிமன்றங்கள் இவ்விவாதங்களுக்கு எவ்வளவு எடை தருகின்றன என்பது; இத்தனை வழக்கறிஞர்கள் அமர்ந்திருக்கும் அவையில் அதை நான் விளக்குவது அழகன்று.

எனவே என் கோரிக்கைக்கு வருகிறேன். இவ்வூர் மாணவி ஒருத்தி ஒரு விவாதத்தைப் படிக்க எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கோ கன்னிமாரா நூலகத்துக்கோ தொடர்வண்டி ஏற வேண்டுமா? தீர விசாரி என்று அறிவுரை சொல்லும் நாம், விசாரிக்க ஓர் இடம் தர வேண்டாமா? பழைய அவைக் குறிப்புகளைச் சொல் தேடும் வசதியோடு மின்வடிவாக்கி, ஒவ்வொரு மாவட்ட மைய நூலகத்திலும் வைக்க வேண்டும்; முதலில் 1921 முதல் 1947 வரையிலான தொகுதிகளையாவது வைக்க வேண்டும். அதற்கான மனு வாயிலருகே மேசையில் இருக்கிறது. தலைவர் அவர்கள் முதற்கையெழுத்து இடுவதாக வாக்களித்திருக்கிறார்.