பையைத் திறந்து பாருங்கள், ஆயா

வணக்கம் நேயர்களே. தென்னாப்பிரிக்காவில், நம் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த் பக்கம் ஓர் ஆரம்பப் பள்ளியில் 31 ஆண்டுகள் பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவள் நான். "இலையுதிர்காலம் வந்தாச்சு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இருக்கிற வீடுகளுக்கு நாலு வார்த்தை சொல்லுங்கள் டீச்சர்" என்று இந்த வானொலி நிலையத்தில் கேட்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. பாடப்புத்தகத்தில் சிவந்த இலைகள் உதிர்கிற படம் போட்டிருக்கும். நம் டர்பனில் மே மாதம் வந்தாலும் மாமரம் பச்சைப் பசேலென்றுதான் நிற்கிறது. பருவம் மாறியது நமக்குத் தெரிவதெல்லாம் சீக்கிரம் இறங்குகிற வெயிலிலும், கடைகளில் வந்து குவிகிற நார்ட்ஜி என்கிற கமலா ஆரஞ்சுப் பழத்திலும், பிள்ளை கொண்டுவருகிற முதல் ரிப்போர்ட்டிலும்தான்.

இந்தத் தமிழைக் காது கொடுத்துக் கேட்கிறவர்களில் பலர் பிள்ளைகளின் அம்மா அப்பா இல்லை என்று எனக்குத் தெரியும். அவர்கள் இந்த நேரத்தில் வேலையில் இருப்பார்கள். கேட்பது ஆயாவும் தாத்தாவும். பள்ளி வாசலில் நின்று பிள்ளையைக் கூட்டிவந்து, கை கால் கழுவவைத்து, சோறு போடுவதும் நீங்கள்தான். அதனால் உங்களிடமே பேசுகிறேன். "பள்ளிக்கூட விஷயம் நமக்கென்ன தெரியும்" என்று ஒதுங்காதீர்கள். நம் நாட்டின் 1996-ஆம் ஆண்டுப் பள்ளிச் சட்டத்தைப் பார்த்தால், ஒரு பிள்ளையின் படிப்புக்குப் பொறுப்பேற்றுப் பார்த்துக்கொள்கிறவரும் 'பெற்றோர்' என்ற சொல்லுக்குள் வருகிறார். ஆக, கூட்டத்துக்குப் போகலாம், ஆசிரியையிடம் கேள்வி கேட்கலாம்.

முதல் வேலை, இன்றைக்கே பிள்ளையின் பையைத் திறந்து அடிவரைக்கும் கையை விட்டுப் பாருங்கள். பள்ளியிலிருந்து வந்த கடிதங்கள் அங்கேதான் கசங்கிக் கிடக்கும். என் அனுபவத்தில், கடிதம் போய்ச் சேரவில்லை என்று சொன்ன வீடுகளில் பாதிக்கு மேல் அது பைக்குள்ளேயே இருந்தது, பழத்தோலோடு ஒட்டிக்கொண்டு. இங்கிலீஷில் இருக்கிறதே என்று எடுத்து வைத்துவிட வேண்டாம். பிள்ளையையே உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். கடிதத்தில் என்ன இருக்கிறது என்பதும் தெரியும், பிள்ளை எவ்வளவு படிக்கிறது என்பதும் தெரியும்.

முதல் டேர்ம் மார்ச் பிற்பாதியில் முடிந்து ரிப்போர்ட் வரும். வீட்டில் அழுகை வருவது பெரும்பாலும் கிரேட் 4 பிள்ளைக்குத்தான். போன வருஷம் வரைக்கும் நன்றாகப் படித்த பிள்ளைக்கு இந்த வருஷம் என்ன ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லை. கிரேட் 3 வரைக்கும் இரண்டு மொழி, கணக்கு, வாழ்க்கைத்திறன் என்று நாலே பாடம். கிரேட் 4-இல் அறிவியலும் சமூகப்பாடமும் தனித்தனியாக வந்து ஆறாகிவிடும். அதுவரை படிக்கக் கற்றுக்கொண்டிருந்த பிள்ளை, இனிமேல் படித்துத்தான் எதையும் கற்றுக்கொள்ள வேண்டும். கணக்குக்கூடக் கதையாக வரும். கூட்டத் தெரிந்தும் கேள்வி புரியாமல் தடுமாறுகிற பிள்ளைகளை நான் வருஷா வருஷம் பார்த்திருக்கிறேன்.

ரிப்போர்ட்டில் இருக்கிற எண்களையும் சொல்லிவிடுகிறேன். 1 முதல் 7 வரை. நூற்றுக்கு 80-ம் அதற்கு மேலும் எடுத்தால் 7. 50-லிருந்து 59 வரை 4. 30-க்குக் கீழே போனால் 1. ஒரு தாத்தா "ஏழுக்கு நாலுதானா" என்று பேரனை முறைத்துக்கொண்டே என்னிடம் வந்தார். ஏழுக்கு நாலு என்று அதற்கு அர்த்தம் இல்லை, பாதிக்கு மேல் வாங்கியிருக்கிறான் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பையன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஆனால் 2-ம் 1-ம் வந்தால் சும்மா இருக்காதீர்கள். ஜூன் ரிப்போர்ட் வரட்டும் என்று காத்திருக்காமல், ஏப்ரலில் பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே ஆசிரியையைப் போய்ப் பாருங்கள்.

கட்டணம் பற்றிப் பேச வெட்கப்படுகிறவர்கள் நம்மில் நிறைய. கட்டணம் பாக்கி என்பதற்காக ரிப்போர்ட்டை நிறுத்திவைக்கக் கூடாது, பிள்ளையை வகுப்புக்கு வெளியே வைக்கவும் கூடாது. கட்ட முடியாதவர்கள் விலக்கு கேட்டு விண்ணப்பிக்கலாம். பிள்ளையின் பெயரில் அரசு உதவித்தொகை வாங்குகிறவர்களுக்கு விலக்கு தானாகவே உண்டு. பள்ளி மறுத்தால் 30 நாளுக்குள் மாகாணக் கல்வித் துறைக்கு மேல்முறையீடு செய்யலாம். படிவத்தை அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள். அது யாரும் போடுகிற பிச்சை இல்லை.

அப்புறம் நம் திருவிழாக்கள். பெரிய வெள்ளிக்கிழமை, டர்பனுக்குத் தெற்கே இருக்கிற இசிப்பிங்கோ மாரியம்மன் கோவிலில் கூட்டம் அலைமோதும். அன்று எப்படியும் விடுமுறை, கவலை இல்லை. சித்திரை வருஷப்பிறப்பும் சித்திரைக் காவடியும் பள்ளி நாளில் வந்தால் என்ன செய்வது? முன்கூட்டியே ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள். வழிபாட்டுக்காக லீவு எடுப்பதைப் பள்ளிகள் ஏற்றுக்கொள்ளும். ஒரு வரிகூட எழுதாமல் நிறுத்திக்கொள்வதுதான் தொல்லை. காரணம் சொல்லாமல் தொடர்ந்து பத்துப் பள்ளி நாள் வராவிட்டால் பிள்ளையின் பெயரையே பதிவேட்டிலிருந்து எடுத்துவிட விதியில் இடம் இருக்கிறது.

காவடி எடுத்த பிள்ளை கையில் மஞ்சள் கயிற்றோடு போகும். "கழற்று" என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போக வேண்டாம், பயப்படவும் வேண்டாம். இதே டர்பனில் ஒரு பள்ளி மாணவியின் மூக்குத்தி பெரிய வழக்காகி அரசியல் சாசன நீதிமன்றம் வரைக்கும் போனது. 2007 அக்டோபரில் தீர்ப்பு வந்தது. தென்னிந்தியத் தமிழ் இந்துக் குடும்பத்துப் பெண்ணுக்கு அது அவளுடைய பண்பாடு, விதிவிலக்கு தர மறுத்தது நியாயமற்ற பாகுபாடு என்று நீதிபதிகள் சொன்னார்கள். தீர்ப்பு வருவதற்குள் அந்தப் பெண் பள்ளிப்படிப்பையே முடித்துவிட்டாள், அது வேறு கதை. நமக்கு அதில் கிடைத்தது, விதிவிலக்கு கேட்கலாம் என்கிற உரிமை. ஆகவே கயிறு எதற்கு, எத்தனை நாள் கட்டியிருக்கும் என்று எழுதிக் கேளுங்கள்.

டிசம்பரில் ஏழு மணிக்கு மறைகிற சூரியன் ஜூனில் ஐந்து மணிக்கே போய்விடும். மாலையில் விளையாட்டு, தமிழ் வகுப்பு என்று போகிற பிள்ளை இருட்டில் நடந்து வரக் கூடாது. வேனில் வருகிற பிள்ளையாக இருந்தால் ஓட்டுநரிடம் நேரத்தைத் திரும்பப் பேசிக்கொள்ளுங்கள். ஏப்ரல் மழையையும் நாம் மறக்க முடியாது. 2022-இல் 400 பேருக்கு மேல் பலி கொண்ட மழை ஏப்ரலில்தானே பெய்தது. அலுவலகத்துக்குப் போய், பிள்ளையின் கோப்பில் எந்தத் தொலைபேசி எண் இருக்கிறது என்று பாருங்கள். ஒரு மழை நாளில் பதினொரு பிள்ளைகளோடு நான் மாலை ஆறு மணி வரை உட்கார்ந்திருந்தேன். எல்லா எண்ணும் பழைய எண்.

அடுத்த வருஷம் ஒரு பேரப்பிள்ளை பள்ளிக்கூடம் போகப் போகிறதா? 2024-இல் கையெழுத்தான சட்டம் கிரேட் 1-க்கு முந்தைய கிரேட் ஆர் வகுப்பையும் கட்டாயமாக்கிவிட்டது. பிறப்புச் சான்றிதழும் தடுப்பூசி அட்டையும் கையில் இருக்கின்றனவா என்று இப்போதே பாருங்கள்.

லஞ்ச் பாக்ஸுக்குச் சிப்ஸ் பாக்கெட் வேண்டாம், நார்ட்ஜி போதும். அந்தப் பெயரே நம் நாரத்தையிலிருந்து ஆப்பிரிக்கான்ஸ் மொழிக்குப் போனதுதான். பிள்ளையிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், வகுப்பு முழுக்கப் பரப்பிவிட்டு வரும்.

நேரமாகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி கை காட்டுகிறார். இதோ, கடைசியாக ஒன்று. ஜெர்சி வாங்கினால் கழுத்துக்கு உள்பக்கம் பெயர் தைத்து அனுப்புங்கள். நான் ஓய்வு பெற்ற நாளில் வகுப்பு அலமாரியில் கேட்பாரில்லாமல் ஒன்பது ஜெர்சி கிடந்தது. ஒன்றிலும் பெயர் இல்லை. வணக்கம்.