ரேடியேட்டருக்குள்ள இருக்கறது காத்துன்னு யார் சொன்னது?

[கேமரா ரேடியேட்டர்ல, என் கை மட்டும் ஃபிரேம்ல]

ரூமைச் சூடாக்க சுவத்துல மாட்டியிருக்கற ரேடியேட்டர் இது. இங்க கீழ தொட்டா சுடுது. அப்படியே கையை மேல கொண்டு போறேன்... சில்லுனு இருக்கு. பாய்லர் ரெண்டு மணி நேரமா ஓடுது, கேஸ் மீட்டர் சுத்துது, நான் வீட்டுக்குள்ள குல்லா போட்டுக்கிட்டு நிக்கிறேன்.

வணக்கம் மக்களே! இங்கிலாந்துக் குளிரோட மல்லுக்கட்டற எல்லாருக்கும் இந்த வீடியோ. ஊர்ல இருந்து பாக்கறவங்க ஓடிடாதீங்க, நடுவுல ராக்கெட் வருது. சத்தியமா.

பக்கத்து வீட்டுப் பெரியவர் சொன்னாரு, "ரேடியேட்டரை ப்ளீட் பண்ணு"னு. ப்ளீட்னா எனக்குத் தெரிஞ்சது ரத்தம்தான். இரும்புப் பெட்டிக்கு எங்க ரத்தம்? அப்புறம்தான் புரிஞ்சுது, இது நம்ம ஊர்ல மோட்டார் போட்டும் தண்ணி ஏறாதப்போ "ஏர் புடிச்சிருச்சு"னு சொல்லுவோமே, அதே சமாச்சாரம். உள்ள மாட்டிக்கிட்ட காத்தை வெளிய விடறதுதான் ப்ளீட்.

பின்னணியை வேகமா முடிச்சிடறேன். பாய்லர் தண்ணியைச் சூடாக்கும், பம்ப் அதை ரூம் ரூமா தள்ளும், ஆறின தண்ணி திரும்பி பாய்லருக்கே வரும். 1850கள்ல சென்ட் பீட்டர்ஸ்பர்க்ல ஃபிரான்ஸ் சான் கல்லினு ஒருத்தர் ரேடியேட்டர் செஞ்சாரு. வரலாறு ஓவர்.

இப்போ நான் கேக்கற கேள்வி இதுதான். ஊர் மோட்டார்ல காத்து வெளியில இருந்து புகுந்துடும், சரி. இங்க எல்லாமே மூடின பைப். அதே தண்ணிதான் வருஷக்கணக்கா சுத்துது. அப்போ காத்து எங்க இருந்து வந்துச்சு?

கொஞ்சம் தண்ணியிலயே கரைஞ்சிருக்கும். அடுப்புல தண்ணி வச்சா கொதிக்கறதுக்கு ரொம்ப முன்னாடியே பாத்திரத்து அடியில குட்டிக் குட்டிக் குமிழ் ஒட்டிக்குமே, அதுதான். ஆனா புதுசாத் தண்ணி நிரப்பின கொஞ்ச நாள்லயே அது வெளிய வந்து தீர்ந்துடும். மாசாமாசம் ரேடியேட்டர்ல வாயு சேந்தா அது காத்தா இருக்க வாய்ப்பு கம்மி. பெரும்பாலும் அது ஹைட்ரஜன்!

ஆமா, ராக்கெட் எரிபொருள். மகேந்திரகிரியில இஸ்ரோ கிரையோஜெனிக் இன்ஜினை வச்சு சோதிக்கறப்போ எரியறது திரவ ஹைட்ரஜன். அதோட தம்பி உங்க பெட்ரூம் ரேடியேட்டர்ல உக்காந்திருக்கான்.

எப்படின்னா, இரும்பு துருப்பிடிக்க ஆக்சிஜன் வேணும்னு பள்ளிக்கூடத்துல படிச்சோம். மூடின தண்ணியில கரைஞ்ச ஆக்சிஜன் சீக்கிரமே காலி. அதுக்கப்புறம் இரும்பு என்ன பண்ணுதுன்னா, தண்ணியோட மூலக்கூறுல இருந்தே ஆக்சிஜனைப் பிடுங்குது. எச்2ஓல ஓ போயிட்டா மிச்சம் என்ன? ஹைட்ரஜன். 3 இரும்பு அணு, 4 தண்ணி மூலக்கூறு சேந்தா 1 மேக்னடைட் (இரும்பும் ஆக்சிஜனும் சேந்த பொருள்), 4 ஹைட்ரஜன் மூலக்கூறு. அடடா, இதைப் படிச்ச அன்னைக்கு எனக்குத் தூக்கமே வரல!

ரேடியேட்டர்ல இருந்து வர்ற தண்ணி கறுப்பா இருக்குமே, மேக்னடைட்தான் அந்தக் கறுப்பு. இதோ கப்புல பிடிச்சு வச்சிருக்கேன், டிகாக்‌ஷன்னு நினைச்சு யாரும் குடிச்சிடாதீங்க. இப்போ ஃபிரிட்ஜ் காந்தத்தை பிளாஸ்டிக் கவர்ல சுத்தி உள்ள விடறேன்... பாருங்க, மீசை முளைக்குது! உங்க ரேடியேட்டர் கரைஞ்சு வந்த இரும்பு இது. பாய்லர் பக்கத்துல காந்த ஃபில்டர்னு ஒண்ணு மாட்டறாங்களே, இதைப் பிடிக்கத்தான்.

இன்னொண்ணு. கறுப்புத் தண்ணியைப் பாத்து அருவருப்புப்படாதீங்க. அது ஆக்சிஜன் தீர்ந்துபோன பழைய தண்ணி, ஓரளவுக்கு அடங்கிப் போனது. செம்மண் கலர்ல வந்தாதான் பயப்படணும். எங்கயோ புது ஆக்சிஜன் உள்ள வந்துக்கிட்டே இருக்குனு அர்த்தம்.

[சாவியைக் காட்டி]

சரி, வேலைக்கு வருவோம். ஹார்டுவேர் கடையில ரெண்டு மூணு பவுண்டுக்குக் கிடைக்கற குட்டிச் சாவி. ஹீட்டிங்கை அணைச்சு நல்லா ஆற விடுங்க. பம்ப் ஓடிக்கிட்டிருந்தா காத்து ஒரு இடத்துல நிக்காது, தண்ணி சூடா இருந்தா கை வெந்துடும். ஜன்னலைத் திறங்க. சிகரெட், மெழுகுவத்தி எதுவும் பக்கத்துல வேண்டாம், காரணம் இப்போ உங்களுக்கே தெரியும். கீழ்த்தளத்துல ஆரம்பிச்சு மேல போங்க. பழைய துணி, ஒரு கிண்ணம். ஓரத்துல மேல இருக்கற சதுர முனையில சாவியை மாட்டி, இடப்பக்கமா கால் சுத்து. உஸ்ஸ்ஸ்னு வரும். சத்தம் நின்னு தண்ணி வந்ததும் மூடிடுங்க.

கால் சுத்துன்னா கால் சுத்துதான்! நான் முதல் தடவை ஆர்வக்கோளாறுல திருகித் திருகி அந்த ஸ்க்ரூவையே கழட்டிட்டேன். கறுப்புத் தண்ணி பீச்சியடிச்சு வாடகை வீட்டுக் கார்பெட்ல விழுந்துச்சு. கார்பெட் என்ன கலர்? கிரீம். டெபாசிட் கதையைத் தனி வீடியோவா போடறேன்.

முடிச்சதும் பாய்லர்ல அழுத்தம் காட்டற முள்ளைப் பாருங்க. வாயு போன அளவுக்கு அழுத்தம் இறங்கியிருக்கும். பரண்ல தொட்டி இல்லாத காம்பி பாய்லர்னா ஆறின நிலையில அழுத்தம் 1ல இருந்து 1.5 பார் இருந்தா போதும். குறைஞ்சிருந்தா அடியில இருக்கற, குழாய்த் தண்ணியை உள்ள விடற ஃபில்லிங் லூப் வால்வைத் திறந்து, முள் ஏறினதும் மூடிடுங்க. மறந்தா 3 பார் பக்கம் சேஃப்டி வால்வு திறந்து வெளிச்சுவர்ல தண்ணி கொட்டும். மேல பரண்ல தொட்டி இருக்கற பழைய வீடுன்னா தானே நிரப்பிக்கும். பாய்லர் மூடியை மட்டும் கழட்டாதீங்க, கேஸ் சேஃப்ங்கற, கேஸ் வேலை செய்யறவங்களோட பதிவேட்டுல இருக்கறவங்க வேலை அது.

என் கருத்து ஒண்ணு, திட்டறவங்க திட்டுங்க. வருஷத்துக்கு ஒரு தடவை உஸ்ஸுனு விட்டா சரி. மாசத்துக்கு ரெண்டு தடவை விடறீங்கன்னா நீங்க பண்றது வைத்தியம் இல்ல, துரு போடற முட்டையைப் பொறுக்கறீங்க. அது மட்டுமில்ல, ஒவ்வொரு தடவையும் ரொப்பற புதுத் தண்ணியோட புது ஆக்சிஜனும் உள்ள போகுது. துருவுக்கு நீங்களே சோறு போடறீங்க. இன்ஹிபிட்டர்னு ஒரு திரவம் இருக்கு, அதைத் தண்ணியில கலந்துட்டா இந்த வேதிவினை அடங்கும். எங்கயாவது கசியுதான்னும் பாருங்க.

மேல சூடு, கீழ சில்லுன்னு இருக்கா? உங்க பிரச்சினை நேர் எதிர். அது வாயு இல்ல, அடியில மேக்னடைட் சேறு தங்கியிருக்கு. சாவியால ஒண்ணும் ஆகாது, அலசி எடுக்கணும்.

உங்க வீட்டுல வந்தது கறுப்பா, செம்மண்ணா? கமெண்ட்ல போடுங்க. நான் மேல போறேன், இன்னும் மூணு ரேடியேட்டர் பாக்கி.