ஓய்வுக்கு முன்னால் வீட்டில் ஒரு வாரம்

(குன்னூரில், பணி ஓய்வை நெருங்கும் அரசு ஊழியர்களுக்காக நடந்த கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையில் உள்ள பெரியோர்களுக்கும், என்னோடு பணியாற்றும் தோழர்களுக்கும், ஏற்கெனவே ஓய்வு பெற்று முன்வரிசையில் நிம்மதியாக அமர்ந்திருக்கும் மூத்தவர்களுக்கும் வணக்கம்.

ஓய்வு பெறப்போகிறவர்களுக்கு நடத்தப்படும் கூட்டம் என்றால், ஓய்வூதியக் கருத்துரு, சேமநல நிதி, பணிப்பதிவேட்டில் விடுபட்ட பதிவுகள் ஆகியவற்றைப் பற்றிப் பேசுவதுதான் வழக்கம். அவற்றைப் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் இந்த மேடையிலேயே இருக்கிறார்கள். நான் எடுத்துக்கொண்ட பொருள் மிகவும் சிறியது. ஓய்வு பெறும் நாள் வருவதற்கு முன்பாகவே ஒரு வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு, கோயில் பயணம், திருமணம், மருத்துவமனை என்று எதற்கும் போகாமல், வீட்டிலேயே இருந்து பார்க்க வேண்டும் என்பதுதான் அது. சென்ற தைப்பொங்கலுக்கு அடுத்த வாரம் நான் அப்படி இருந்தேன். அந்த வாரத்தில் கண்டவற்றைத்தான் சொல்லப்போகிறேன்.

முதலில் விடுப்புக் கணக்கைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் உங்களில் பலருடைய மனத்தில் இப்போதே அந்தக் கணக்கு ஓடத் தொடங்கியிருக்கும். ஆண்டுக்கு 30 நாள் ஈட்டிய விடுப்பு, அதாவது பணி செய்து சேர்த்துக்கொள்ளும் சம்பளத்தோடு கூடிய விடுப்பு, ஜனவரியில் 15, ஜூலையில் 15 என்று நம் கணக்கில் ஏறுகிறது. உச்சவரம்பு 240 நாள். அதை அப்படியே வைத்திருந்து, ஓய்வு பெறும்போது பணமாக வாங்க வேண்டும் என்பதுதான் நம் எல்லோருடைய எண்ணமும். என்னுடைய எண்ணமும் அதுவே. ஆனால் 240-ஐத் தொட்டுவிட்டவருக்கு அதற்கு மேல் ஏறுவது நிற்பதில்லை, வீணாகிறது. ஆண்டுக்கு 15 நாள் ஒப்படைத்துப் பணம் பெறும் வசதி 2020-இல் நிறுத்தப்பட்டு, 2025 அக்டோபரில்தான் திரும்ப வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் கணக்கு நிரம்பியிருந்தவர்கள், விடுப்பும் எடுக்காமல் பணமும் பெறாமல் எத்தனை நாள்களை விட்டுக்கொடுத்தார்கள் என்பதை அவரவர் விடுப்புக் கணக்கே சொல்லும். ஆகவே, கணக்கு நிரம்பியவர்களுக்கு ஒரு வாரம் வீட்டில் இருப்பதால் ஒரு பைசா நட்டமில்லை. ஒப்படைப்பு போக மிச்சம் உள்ளவர்களும் இதையே யோசித்துப் பார்க்கலாம்.

நம் வயதுக்காரர்களுக்கு ஓய்வு என்பதே இரண்டு முறை தள்ளிப்போன ஒன்று. 58 என்று நினைத்துத் திட்டமிட்டிருந்தோம். 2020 மே மாதத்தில் அது 59 ஆயிற்று, 2021-இல் 60 ஆயிற்று. இன்னும் இரண்டு ஆண்டு ஊதியம் கிடைக்கிறது என்று மகிழ்ந்தவர்களும் உண்டு, பேரக்குழந்தையைப் பார்க்கப் போவது தள்ளிப்போயிற்றே என்று வருந்தியவர்களும் உண்டு. எப்படியிருந்தாலும் 'ஓய்வுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று நாம் ஒத்திவைத்த பட்டியல் அந்த இரண்டு ஆண்டுகளில் இன்னும் நீண்டது.

இப்போது வீட்டுக்கு வருகிறேன். நாம் கட்டிய வீட்டை நாம் எந்த நேரத்தில் பார்த்திருக்கிறோம்? எனக்குக் காலை ஐந்தரையிலிருந்து எட்டு வரையும், மாலை ஆறரைக்குப் பிறகும்தான் வீடு. குன்னூரிலிருந்து அலுவலகம் இருக்கும் உதகைக்குச் சாலை வழியாகப் பதினெட்டுக் கிலோமீட்டர் அளவுதான் என்றாலும், வெலிங்டன், அருவங்காடு என்று நின்று நின்று ஏறும் பேருந்தில் ஒரு மணி நேரம் போய்விடும். ஞாயிற்றுக்கிழமையைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது ஆறு நாள் வேலையை ஒரே நாளில் முடிக்கும் நாள். ஒரு புதன்கிழமை முற்பகல் பதினொரு மணிக்கு என் வீடு எப்படி இருக்கும் என்பது எனக்குத் தெரியாமலே இத்தனை ஆண்டுகள் போயிருக்கின்றன.

அந்த வாரத்தில் முதலில் தெரிந்துகொண்டது வெயிலைத்தான். ஜனவரியில் நம் மலையின் வானிலை உங்களுக்குத் தெரியும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, இரவில் மேகமில்லாத வானத்துக்குத் தரையின் சூடெல்லாம் போய்விட, கனத்த குளிர்காற்று சரிவுகளில் இறங்கிப் பள்ளங்களில் தேங்குகிறது. அதனால்தான் தலைக்குந்தாவிலும் காந்தலிலும் வெலிங்டன் மைதானத்திலும் புல் வெளுத்து உறைபனி கொட்டிக்கிடக்கும்போது, சற்று மேலே சரிவில் இருக்கும் எங்கள் தெருவில் குளிர் மட்டும் இருக்கும், உறைபனி இருக்காது. பேருந்துச் சன்னல் வழியே அந்த வெண்மையை ஆண்டுதோறும் பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டுக்கு வெயில் எந்த வழியாக வருகிறது என்பதைப் பார்த்ததில்லை. எட்டு மணி கடந்ததும் எதிர்மேட்டின் மேலிருந்து கிளம்பி அது முதலில் சமையலறைச் சன்னலுக்கு வருகிறது. ஒன்பதரைக்கு முன்னறைக்கு நகர்கிறது. பதினொரு மணிக்குத் திண்ணை முழுவதும் அதனுடையது. என் மாமியார் தம் பிளாஸ்டிக் நாற்காலியை அந்த வரிசையில் ஒவ்வோர் இடமாக இழுத்துக்கொண்டே போகிறார். தரையில் நாற்காலிக்கால் இழுபட்ட கீறல்கள் ஏன் இருக்கின்றன என்று பல முறை நான் கடிந்துகொண்டது உண்டு. வெயிலோடு சேர்ந்து அவர் போகும் தடம் அது என்பது அந்த வாரத்தில்தான் புரிந்தது.

மலைவாசிகளுக்குத் துணி உலர்த்துவதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அலுவலகம் போகிறவள் காலை ஏழு மணிக்கு நிழலில் துணியைப் போட்டுவிட்டு, இருட்டிய பிறகு பனி இறங்கிய துணியை எடுக்கிறாள். பிறகு அது இரண்டு நாள் நாற்காலி முதுகுகளில் கிடக்கிறது. அந்த வாரம் நான் ஒன்பதரைக்குக் கொடியில் போட்டேன், நண்பகலில் ஒருமுறை திருப்பிப் போட்டேன், பள்ளத்தாக்கிலிருந்து மஞ்சு ஏறி வருவதற்குள் இரண்டு மணிக்கு எடுத்துவிட்டேன். கனத்த கம்பளிகளைக்கூட அப்படி உலர்த்தி, சூடு ஆறுவதற்குள் இருவராக ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து மடித்தோம். அன்று இரவு அந்தக் கம்பளியைப் போர்த்திக்கொண்டபோது அடைந்த இன்பத்தை ஊதிய உயர்வு ஆணை வந்த நாள்களில்கூட அடைந்ததாக நினைவில்லை.

அடுத்தது ரயில். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899-இலும், உதகை வரை 1908-இலும் ஓடத் தொடங்கி, 2005-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட நம் மலை ரயிலைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் மாதக்கணக்கில் முன்பதிவு செய்து காத்திருக்கிறார்கள். கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே பற்சக்கரப் பாதையில், பெட்டிகளைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு ஏறும் நீராவி எஞ்சின் முற்பகல் பத்தரை மணியளவில் குன்னூரை அடையும். அந்த நேரத்தில் நாமெல்லாம் உதகையில் கோப்புகளைப் பிரித்துக்கொண்டிருப்போம். எங்கள் வீட்டிலோ அந்த ஊதல்தான் கடிகாரம். "ரயில் வந்திருச்சும்மா, உலை வைக்கலாம்" என்று மாமியார் சொன்னபோது முதல் நாள் எனக்கு விளங்கவில்லை. மறுநாள் ஊதல் கேட்டதும் நானே எழுந்து போனேன். மழைக்காலத்தில் மண்சரிந்து ரயில் நின்றுபோனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "பசிக்கும்போது வைக்கிறதுதான்" என்றார்.

அந்த உலையைப் பற்றியும் ஒரு செய்தி சொல்ல வேண்டும். உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறைவதால், நீர் கொதிக்கும் வெப்பநிலையும் குறைகிறது. ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒரு டிகிரி. சமவெளியில் 100 டிகிரியில் கொதிக்கும் நீர் குன்னூரில் 94 டிகிரி அளவிலும், உதகையில் 92, 93 டிகிரியிலுமே கொதித்துவிடுகிறது. நீர் தளதளவென்று கொதித்துக்கொண்டே இருக்கும், உள்ளே பருப்பு கல்லாகவே கிடக்கும். கோயம்புத்தூரிலிருந்து மணமாகி வந்த புதிதில் எல்லாப் பெண்களும் இங்கே குழம்புவது இதில்தான். குக்கர் அழுத்தத்தைக் கூட்டி அந்தக் குறையைச் சரிசெய்கிறது. ஆகவே அலுவலகம் போகும் வீடுகளில் எல்லாம் குக்கர், எல்லாம் விசில். தை மாதம் மொச்சைக் காலம். முந்தின இரவு ஊறப்போட்ட மொச்சையை மறுநாள் முற்பகலில் திண்ணை வெயிலில் உட்கார்ந்து நாங்கள் பிதுக்கினோம். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே வைத்து முனையில் லேசாக அழுத்தினால், தோல் கையில் நிற்க, பருப்பு வழுக்கிக்கொண்டு கிண்ணத்தில் விழும். அழுத்தம் சற்றுக் கூடினால் முற்றத்தில் விழும். என்னுடையவை பெரும்பாலும் முற்றத்தில்தான் விழுந்தன. பிறகு அதைக் குக்கரில் போடாமல் மண்சட்டியில் சிறுதீயில் வைத்து, அவ்வப்போது வெந்நீர் ஊற்றி, கரண்டியால் கிளறாமல் சட்டியையே ஆட்டிவிட்டு வேகவைத்தார் மாமியார். நெடுநேரம் ஆயிற்று. அந்தப் பிதுக்குப் பருப்புக் குழம்பில் ஒரு பருப்புகூடக் குழையவில்லை, ஒன்றுகூட வேகாமலும் இல்லை. அவசரமில்லாத வீட்டில்தான் அப்படிச் சமைக்க முடியும்.

ஒரு நாள் பிற்பகல் தெருவின் கீழ்க்கோடியில் காட்டெருமை ஒன்று தேயிலைச் சரிவிலிருந்து இறங்கி வந்து நின்றது. நம் ஊரில் இது புதிதன்று. ஆனால் அந்த நேரத்தில் தெரு நடந்துகொண்ட முறைதான் எனக்குப் புதிது. முதலில் பார்த்த வீட்டிலிருந்து அடுத்தடுத்த வீடுகளுக்குக் கைபேசியில் செய்தி போனது. பள்ளியிலிருந்து வரும் பிள்ளைகளை மேல்வளைவிலேயே நிறுத்தி ஒருவர் தம் வீட்டுக்குள் அழைத்துக்கொண்டார். பச்சைத் தேயிலை ஏற்ற வந்த வண்டிக்காரர் எஞ்சினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். அரை மணியில் அது தானாகப் போயிற்று. பகலெல்லாம் ஆளில்லாத தெரு என்று நான் நினைத்திருந்த தெருவுக்கு இப்படியொரு நிர்வாகம் இருக்கிறது. அதில் எனக்கு இன்னும் ஒரு பொறுப்பும் ஒதுக்கப்படவில்லை என்பதும் தெரிந்தது.

இங்கே நண்பர்கள் சிலருக்கு ஓர் எச்சரிக்கை. வீட்டில் இருக்கும் வாரத்தில் வீட்டை நிர்வகிக்கத் தொடங்கிவிடாதீர்கள். எனக்குத் தெரிந்த ஓர் அதிகாரி ஓய்வு பெற்ற முதல் மாதமே எரிவாயு உருளைக்கு ஒரு பதிவேடு திறந்தார். இரண்டாம் மாதம் அவருடைய மனைவி அவரை நூலகத்துக்கு அனுப்பிவைத்தார். பகல்நேர வீட்டுக்கு ஏற்கெனவே ஒரு தலைமை உண்டு. நாம் அங்கே புதிதாகப் பணியில் சேர்கிறவர்கள். சிறிது காலம் பார்த்துக்கொண்டு இருப்பதே முறை.

பெண் ஊழியர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இதற்கு நேர்மாறானது. நீங்கள் விடுப்பில் இருக்கிறீர்கள் என்று தெரிந்தவுடன், பரண் ஒட்டடையும் தலையணை உறையும் ஊறுகாயும் உறவினர் வருகையும் வரிசையில் வந்து நிற்கும். அந்த வாரத்தைச் சம்பளமில்லாத கூடுதல் பணியாக்க வீட்டில் எல்லோரும், அன்போடுதான், முனைவார்கள். பரணை இறக்காதீர்கள். நான் இறக்கவில்லை. ஒரு பிற்பகல் முழுவதும் திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துத் தின்றேன். அதைப் பார்த்துவிட்டு என் கணவர், "உடம்புக்கு ஏதாவது முடியலையா?" என்று கவலையோடு கேட்டார்.

எந்த வாரத்தை எடுப்பது என்பதிலும் கவனம் வேண்டும். மே மாதம் கூடாது. மலர்க்காட்சிக்கு வரும் கூட்டத்தில் சாலைகள் அடைத்துக்கொள்ளும், வீட்டில் விருந்தினர் நிறைந்துவிடுவார்கள். அக்டோபர், நவம்பரில் மழையும் மண்சரிவும் இருப்பதால், வருவாய்த் துறை, நெடுஞ்சாலைத் துறை நண்பர்களுக்கு விடுப்பே கிடைக்காது. மார்ச் மாதத்தில் கேட்டால் எந்த அலுவலகத் தலைவரும் விண்ணப்பத்தைக் கையில் வாங்கமாட்டார். பொங்கல் முடிந்து மாசி பிறக்கும் வரையுள்ள நாள்களே நல்ல வெயிலும், காலி மலையும், மொச்சையும் சேர்ந்து வருபவை. திங்களில் தொடங்கி வெள்ளி வரை எடுங்கள். முன்னும் பின்னும் உள்ள சனி, ஞாயிறுகளை முன்அனுமதி பெற்று இணைத்துக்கொள்ளலாம். காரணம் கேட்கும் இடத்தில் 'சொந்த அலுவல்' என்று எழுதினால் போதும். கைபேசி எண்ணை மட்டும் பிரிவு எழுத்தரிடம் கொடுத்துவிட்டு, கோப்புச் சாவியையும் ஒப்படைத்துவிடுங்கள். சாவி உங்களிடம் இருந்தால் செவ்வாய்க்கிழமையே யாராவது வீட்டுக்கு வந்து நிற்பார்கள்.