ப்ராசஸர் இருக்கா?

வணக்கம். கிடார் பற்றிக் கொஞ்ச நேரம் பேசுங்கள் என்று வானொலி நிலையத்திலிருந்து கூப்பிட்டார்கள். கிடாரைப் பற்றிப் பேச என்னைவிட நன்றாக வாசிக்கிறவர்கள் ஊருக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். அதனால் கிடாருக்கும் மைக்செட்டுக்கும் நடுவே தரையில் கிடக்குமே ஒரு பெட்டி, அதைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். கச்சேரி பார்க்க வந்தவர்கள் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள், கிடார்காரன் எதற்கு அடிக்கடி குனிந்து எதையோ மிதிக்கிறான் என்று மட்டும் நினைத்திருப்பார்கள்.

கிடாரின் சத்தத்தை விதவிதமாக மாற்றிக் கொடுப்பது அதன் வேலை. மல்டி எஃபெக்ட்ஸ் யூனிட் என்பது அதன் அட்டைப் பெட்டியில் போட்டிருக்கும் பெயர். எங்களுக்கு அது ப்ராசஸர். தொண்ணூறுகளின் கடைசியில் திருச்சிப் பக்கம் ஒரு மெல்லிசைக் குழுவில் வாசிக்கக் கூப்பிட்டால், யாரிடம் கற்றுக்கொண்டாய், எத்தனை வருஷமாக வாசிக்கிறாய் என்றெல்லாம் கேட்க மாட்டார்கள். முதல் கேள்வியே, "தம்பி, ப்ராசஸர் இருக்கா?" என்பதுதான். இருந்தால் ஒரு சம்பளம், இல்லாவிட்டால் வேறு சம்பளம். சில குழுவில் ஆளுக்கு இவ்வளவு, பெட்டிக்கு இவ்வளவு என்று தனித்தனியாகவே பிரித்துச் சொல்வார்கள், அதில் பெட்டியின் பங்கைக் கேட்டால் எனக்கே கொஞ்சம் பொறாமையாக இருக்கும்.

அப்படி என்ன மரியாதை அந்தப் பெட்டிக்கு? காரணம் எளிது. எங்கள் மேடைகளில் கிடார் ஆம்ப்ளிஃபயர் என்ற ஒன்றே இருக்காது. வெளிநாட்டு ராக் குழுக்களின் படங்களில் வாசிப்பவருக்குப் பின்னால் பீரோ மாதிரி நிற்குமே, அது இங்கே கோயில் திருவிழா மேடையில் ஏது? கிடாரிலிருந்து ஒரு வயர் நேராக மைக்செட்காரரின் மிக்ஸருக்குப் போகும், அங்கிருந்து பாக்ஸ், அங்கிருந்து தெருமுனைப் புளியமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர். கிடார் ஆம்ப்ளிஃபயரில் இருக்கும் 12 அங்குல ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலே போகிற கூர்மையான ஒலியைப் பெரும்பாலும் அமுக்கிவிடும், ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் போட்ட கிடார் காதுக்கு இதமாக இருப்பதற்கு அதுவே பாதிக் காரணம். மைக்செட் ஸ்பீக்கருக்கு அந்த நாகரிகம் தெரியாது. வெறும் டிஸ்டார்ஷன் பெடலை மிக்ஸரில் நேராகச் செருகினால் தகர டப்பாவுக்குள் வண்டை அடைத்துக் குலுக்கிய மாதிரி இருக்கும். ப்ராசஸருக்குள் அந்த ஸ்பீக்கரைப் போல நடிக்கிற ஒரு பகுதி இருந்தது. அது பெரிய நடிகர் இல்லை, ஆனாலும் எங்கள் மானத்தைக் காப்பாற்ற அது போதும்.

அதற்கு முந்திய கதையைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். 1962ல் மேஸ்ட்ரோ ஃபஸ் டோன் என்ற பெடல் வந்தது, ஒலியைக் கிழித்து ரம்பமாக்கும் ஒரே வேலை அதற்கு. 1976ல் பாஸ் கம்பெனியின் சிஇ 1 வந்தது, அதற்கும் ஒரு கிடாரைப் பல கிடார் போலக் காட்டும் கோரஸ் என்று ஒன்றிரண்டு வேலைகள்தான். இப்படி வேலைக்கு ஒரு பெடல், பெடலுக்கு ஒரு பேட்டரி, நடுநடுவே சாண் நீளத்துக்குத் துண்டு வயர்கள். ஏழு பெடல் வைத்திருப்பவருக்குச் சத்தம் நின்றுபோனால் எந்த வயர் போனது என்று கண்டுபிடிப்பதற்குள் பாட்டே முடிந்துவிடும். எண்பதுகளில் டிஜிட்டல் சில்லுகள் விலை இறங்க இறங்க, எல்லாவற்றையும் ஒரே பெட்டிக்குள் போடும் ஆசை வந்தது. 1988ல் பாஸ் எம்இ 5 என்று ஒரு நீளமான தரைப் பலகையைக் கொண்டுவந்தார்கள். 1990 வாக்கில் ஜப்பானின் ஜூம் கம்பெனி 9002 என்று ஒன்றைச் செய்தது, கிடார் வாரிலேயே மாட்டிக்கொள்ளலாம், அவ்வளவு சின்னது. தொண்ணூறுகளின் நடுவில் அதே கம்பெனியின் 505 வந்தது. காலால் மிதிக்க இரண்டே சுவிட்ச், 24 பேட்ச் (ஒரு எண்ணில் சேமித்து வைத்த ஒலி அமைப்புக்குப் பேட்ச் என்று பெயர்), சுதி பார்க்க உள்ளேயே ட்யூனர், 9 வோல்ட் பேட்டரி ஒன்று போட்டால் வேலை செய்யும், டிபன் பாக்ஸ் மாதிரி பைக்குள் போட்டுக்கொண்டு பஸ் ஏறலாம். விலையும் எட்டக்கூடியதாக இருந்ததால் கல்லூரிப் பையன்கள் முதல் மெல்லிசைக் குழு வரை பலருக்கு முதல் பெட்டி அதுதான்.

என்னிடம் இருந்தது எது என்று சொல்லப் போவதில்லை. அதைப் பற்றி நாலு குறை சொல்ல இருக்கிறேன், பெட்டி செய்தவர்கள் மனம் நோவானேன்? சிங்கப்பூரிலிருந்து என் சித்தப்பா ஒரு துண்டில் சுற்றி, கோடாலித் தைலத்தோடும் சாக்லெட்டோடும் சேர்த்துக் கொண்டுவந்தது. துண்டைப் பிரித்தபோது அதிலிருந்து தைல வாசம் வந்தது, பல மாதம் போகவும் இல்லை. பெட்டியில் ஒரு குமிழ்கூடக் கிடையாது. எல்லாமே சின்னச் சின்னப் பொத்தான், சிவப்பாக மின்னும் எழுத்தும் எண்ணும். டிலே, அதாவது எதிரொலி, எத்தனை மில்லி செகண்ட் என்று மாற்றுவதற்குக் கையேட்டில் ஒரு பக்கம் படிக்க வேண்டும். அந்தக் கையேட்டை ஜெராக்ஸ் எடுத்து ஒன்றைக் கிடார் பையிலும் ஒன்றைத் தலையணைக்கு அடியிலும் வைத்திருந்தேன்.

முதல் ராத்திரி யாரும் விழித்துக்கொள்ளக் கூடாது என்று ஹெட்போனைச் செருகி, கம்பெனி போட்டு அனுப்பிய பேட்ச்களை ஒவ்வொன்றாக மிதித்துக்கொண்டே போனேன். ஒரு ஜி மேஜர் கார்டு, அதையே திரும்பத் திரும்ப. ஒன்றில் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது, ஒன்றில் நாலு கிடார் சேர்ந்து வாசித்தது, ஒன்றில் ஏதோ விண்கலம் கிளம்பியது. கேசட்டில் பத்து வருஷமாகக் கேட்ட பாட்டுகளில், இது எப்படி வருகிறது என்று குழம்பியதற்கெல்லாம் பெயர் கிடைத்தது. ஓ, இதுதான் ஃப்ளாஞ்சரா, இதுதான் ட்ரெமொலோவா. எனக்கு எஃபெக்ட்ஸ் கற்றுக்கொடுத்த வாத்தியார் அந்தச் சிவப்பு எண்கள்தான். இன்றைக்கும் கோரஸ் போட்ட கார்டு காதில் விழுந்தால் அந்த முதல் ராத்திரியின் பேட்ச் எண்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது.

மறுவாரம் மேடை. பெட்டியிலேயே பிரமாண்டமான பேட்ச் எதுவோ அதைப் போட்டு வாசித்தேன். ரெண்டு பாட்டு போனதும் குழுத் தலைவர் பக்கத்தில் வந்து, "தம்பி, வாசிக்கிறியா, சும்மா நிக்கிறியா?" என்றார். நான் வேர்க்க விறுவிறுக்க வாசித்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் புரிந்தது. கடையில் ஒருவன் தனியாக உட்கார்ந்து மிதித்துப் பார்த்ததும் மயங்கிப் பணத்தை எடுக்க வேண்டும், அதற்காகச் செய்த பேட்ச்கள் அவை. நடு ஒலிகளைக் குறைத்து, அடியையும் உச்சியையும் தூக்கி, பெரிய மண்டபத்தில் வாசிக்கிற மாதிரி முழங்க வைக்கும் ரிவெர்பை மேலே ஊற்றியிருப்பார்கள். தனியாகக் கேட்டால் கடல். கூட்டத்தில் அடியைப் பேஸ் கிடாரும் உச்சியை டிரம்ஸின் சிம்பலும் எடுத்துக்கொள்ளும், கிடாருக்கு மிச்சமிருப்பது அந்த நடுப்பகுதிதான், அதைத்தான் குறைத்தாகிவிட்டதே. மறுநாள் ரிவெர்பைப் பாதியாக்கி, நடு ஒலியை ஏற்றி வைத்தேன். ஹெட்போனில் அசிங்கமாக இருந்தது. மேடையில் கேட்டது.

கம்பெனி பேட்ச் எல்லாமே ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். யூ2 என்ற ராக் குழுவின் கிடார்காரர் எட்ஜ், கோர்க் ஏ3 என்ற பெட்டியை வைத்துக்கொண்டு, அதில் வந்த ஃபங்க் பேட்ச் ஒன்றிலிருந்து 1991ல் ஒரு பெரிய பாட்டையே கிளப்பினார். அதே வருஷம் மை ப்ளடி வாலன்டைன் குழுவின் கெவின் ஷீல்ட்ஸ் யமஹா எஸ்பிஎக்ஸ் 90 என்ற பெட்டியின் தலைகீழ் ரிவெர்பை வைத்து ஒரு ஆல்பத்துக்கே நிறம் கொடுத்தார். அவர்கள் கையில் பெட்டி என்ன சொன்னதோ அதைக் கேட்டு வாசித்தார்கள். என் கையில் இருந்தபோது பெட்டி ஒன்று சொன்னது, நான் ஒன்று வாசித்தேன்.

சரி, என் பெட்டியிலும் இருந்த அந்த இரண்டு சுவிட்சுக்கு வருகிறேன். ஒன்று மேலே, ஒன்று கீழே. மூன்றாம் எண்ணிலிருந்து எட்டாம் எண்ணுக்குப் போக வேண்டுமென்றால் நாலு, ஐந்து, ஆறு, ஏழு எல்லாவற்றையும் மிதித்துக் கடந்தாக வேண்டும், டவுன் பஸ் மாதிரி எல்லா ஸ்டாப்பிலும் நிற்கும். அதனால் கச்சேரிக்கு முந்தின நாளே பாட்டு வரிசையை வாங்கி, அந்த வரிசையிலேயே பேட்ச்களை அடுக்குவேன். முதல் பாட்டுக்கு ஒன்றும் இரண்டும், அடுத்த பாட்டுக்கு மூன்று, இப்படி. வரிசைப்படி நடந்தால் நான் ராஜா. ஆனால் எந்தத் திருவிழாக் கச்சேரி வரிசைப்படி நடந்திருக்கிறது? ஒரு தடவை மணப்பாறைப் பக்கம், பதினோரு மணிக்கு மேல், தலைவர் சீட்டு ஒன்றை வாங்கிப் படித்துவிட்டு ஒரு தாலாட்டை மறுபடி பாடச் சொன்னார். ஊர்ப் பெரியவர் கேட்டது, மறுக்க முடியாது. நான் நின்றிருந்ததோ பதினாலில். தாலாட்டு ஐந்தில். பாடகி ஆலாபனையைத் தொடங்கிவிட்டார், கையோ கம்பிமேல் இருக்கிறது, கம்பி இன்னும் அதிர்ந்துகொண்டிருக்கிறது, நான் கீழ் சுவிட்சை மிதித்துக்கொண்டே வருகிறேன். பதின்மூன்று, பன்னிரண்டு, பதினொன்று. ஒன்பதில் ஊரையே எழுப்பக்கூடிய டிஸ்டார்ஷன் ஒன்று வைத்திருந்தேன். "ஆராரோ"வுக்கு நடுவே லாரி ஒன்று பிரேக் போட்டது. முன்வரிசையில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை எழுந்து அழுதது. பாடகி என்னைப் பார்த்த பார்வையை இங்கே விவரிக்க முடியாது. அதன்பிறகு கம்பியைக் கையால் அமுக்கிக்கொண்டுதான் மிதிப்பேன்.

இன்னொரு சங்கடம், ஒரு பேட்சிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது நடுவில் சத்தமே இருக்காது. கண் இமைக்கிற நேரம்தான், ஆனால் காதுக்கு அது பள்ளம். உள்ளே இருக்கும் சில்லு ஒரே நேரத்தில் ஒரு கணக்கைத்தான் போடும், பழைய கணக்கை அழித்துவிட்டுப் புதியதை ஏற்றிக்கொள்ள நேரம் வேண்டும், அதுவரை ஊமை. டிலேயில் எதிரொலித்துக்கொண்டிருந்த சுரமெல்லாம் கத்தரித்த மாதிரி பட்டென்று நிற்கும். பல்லவி முடிந்து சரணம் போகிற இடத்தில் இந்தப் பள்ளம் விழுந்தால் அசிங்கம். அதனால் சரணத்துக்கு முந்திய கடைசித் தட்டை வாசிக்காமல் விட்டுவிட்டு, அந்த இடைவெளிக்குள் மிதித்துவிடுவேன். பத்து வருஷம் எல்லாப் பாட்டிலும் அப்படித்தான்.

இப்போது பழைய பெட்டிகளைத் தேடி வாங்குகிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எண்பதுகளின் கடைசியில் வந்த பெட்டிகள் பலவற்றில், நாம் செய்து சேமித்த பேட்ச்களைக் காப்பாற்றுவது உள்ளே இருக்கும் காசு அளவு லித்தியம் பேட்டரி ஒன்றுதான். கரண்ட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அது தீர்ந்தால் பெட்டி வேலை செய்யும், ஆனால் ஞாபகம் போய்விடும். நண்பர் ஒருவர் பரணிலிருந்து தன் பெட்டியை இறக்கி ஆசையாகப் போட்டார். அவருடைய குழுவின் நூறு மேடை அதில் இருந்தது. எண்கள் எரிந்தன, உள்ளே அவர் செய்தது ஒன்றுகூட இல்லை. அந்தக் காலத்திலேயே அளவுகளை நோட்டில் எழுதி வைத்தவர்கள் பிழைத்தார்கள். என்னுடையதற்கு அந்த வியாதி இல்லை, அதை நானே கொன்றேன். பேட்டரிக்குப் பதிலாகக் கரண்ட் கொடுக்கும் உள்ளூர் எலிமினேட்டர் ஒன்றை அவசரத்தில் செருகினேன், பெட்டிக்கு நடுமுள் நெகட்டிவ், எலிமினேட்டருக்கு நடுமுள் பாசிட்டிவ். புகைகூட வரவில்லை. ஒரு சின்ன வாசம், அவ்வளவுதான். தைல வாசம் இல்லை.

சத்தம் அந்தக் காலத்தில்தான் நன்றாக இருந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், நானே சொன்னாலும். 1998ல் லைன் 6 கம்பெனியின் பாட் என்ற சிவப்பு ப்ராசஸர் வந்தபோதே, அவரை விதை மாதிரி இருக்கும் அதைக் கேட்டுவிட்டு என் பெட்டியைக் கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. இன்றைக்குக் கைபேசியில் இலவசமாகக் கிடைக்கிற செயலி அதைவிட நன்றாக ஒலிக்கிறது. பேட்ச் மாறினால் பள்ளம் கிடையாது, பழைய எதிரொலி தானாக அடங்கும்வரை அடங்கட்டும் என்று விட்டுவிட்டுப் புதியது தொடங்குகிறது.

நானும் இப்போது அப்படி ஒன்றைத்தான் வைத்திருக்கிறேன். போன வருஷம் பையன்கள் சிலரோடு ஒரு கல்யாண வரவேற்பில் வாசித்தேன். முடிந்ததும் டிரம்ஸ் வாசிக்கிற தம்பி வந்து, "சார், தப்பா நினைக்காதீங்க, ஒவ்வொரு சரணத்துக்கு முன்னாடியும் ஒரு தட்டு விடுறீங்களே, எதுக்கு?" என்று கேட்டான். பெட்டி மாற நேரம் வேண்டாமா என்றேன். குனிந்து என் பெட்டியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், சரி சார் என்று போய்விட்டான். அடுத்த கச்சேரியில் அந்த இடம் வந்தபோது ஸ்நேர் டிரம்மில் சின்னதாக ஒரு உருட்டு உருட்டி நிரப்பினான். இப்போது எங்கள் குழுவில் எல்லாப் பாட்டுக்கும் அது இருக்கிறது.

வணக்கம்.